ஒரு சாணுக்குள் ஒரு குடை

மூன்று மடிப்புக் குடையைத் திறக்கும்போது நம் கை அசைப்பது ஒரே ஒரு பொருளைத்தான். நடுத்தண்டில் ஏறி இறங்கும் சிறு பிளாஸ்டிக் வளையத்தை மேலே தள்ளுகிறோம். ‘டக்’கென்று பூட்டிக்கொள்கிறது. எட்டுக் கம்பிகளும் விரிந்து, மூன்றடிக்கு மேல் அகலமாகத் துணி விறைத்து நிற்கிறது. கம்பி ஒவ்வொன்றும் மூன்று துண்டு. வளையத்திலிருந்து வரும் தாங்குகம்பி முதல் துண்டைத்தான் தாங்கிப் பிடிக்கிறது. இரண்டாவது துண்டு முதலாவதன் நுனியில் தொங்குகிறது, மூன்றாவது இரண்டாவதன் நுனியில். அந்தக் கடைசித் துண்டை யாரும் தொடவில்லை. அதற்கென்று தனி ஸ்பிரிங்கோ மோட்டாரோ கிடையாது. ஆனாலும் மற்ற இரண்டும் எவ்வளவு திரும்புகின்றனவோ அதற்கு ஏற்ற அளவில் அதுவும் திரும்பி, சரியான நேரத்தில் சரியான இடத்துக்கு வந்து சேர்கிறது. எப்படி?

நம் கையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கூர்மை புரியும். கையிலும் மூன்று மூட்டு உண்டு: தோள், முழங்கை, மணிக்கட்டு. தோளை உயர்த்தினால் முழங்கை தானாக நீள்வதில்லை. அதற்கென்று தனித் தசை இழுக்க வேண்டும், மணிக்கட்டுக்கு வேறு தசை. முழங்கையை மடக்கியபடியே தோளை உயர்த்தலாம், மணிக்கட்டை மட்டும் ஆட்டலாம். குடைக்கம்பியால் அது முடியாது. அதன் ‘தோள்’ திரும்பினால் ‘முழங்கை’யும் திரும்பியே ஆக வேண்டும். குடையை வடிவமைத்தவரின் சாமர்த்தியம் முழுவதும் இந்த ‘முடியாது’ என்பதில்தான் அடங்கியிருக்கிறது.

வீட்டில் மூன்று மடிப்புக் குடை இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே படிப்பது நல்லது. எட்டையும் பார்க்க வேண்டாம், ஒரு கம்பி போதும். தண்டின் உச்சியில் கம்பிகள் எல்லாம் கோத்திருக்கும் வளையத்தை உச்சிவளையம் என்றும், நாம் தள்ளுவதை ஓடுவளையம் என்றும் அழைப்போம். குடை மூடியிருக்கும்போது முதல் துண்டு உச்சிவளையத்திலிருந்து கீழ்நோக்கித் தொங்குகிறது. ஓடுவளையம் கைப்பிடிக்கு அருகே கிடக்கிறது. அதிலிருந்து கிளம்பும் தாங்குகம்பி மேல்நோக்கி வந்து முதல் துண்டின் நடுவில் ஓர் ஆணியில் சேர்கிறது. இனி வளையத்தை மேலே தள்ளுங்கள். கீழே பார்த்துக் கிடந்த முதல் துண்டு கால் வட்டம் திரும்பி வெளியே பார்க்கிறது. மேலே பார்த்துக் கிடந்த தாங்குகம்பியும் எதிர்த் திசையில் ஏறத்தாழக் கால் வட்டம் திரும்பி வெளியே பார்க்கிறது.

இதுவரை நடந்தது தாத்தா காலத்து நீளக் குடையிலும் நடப்பதுதான். மடக்குக் குடையின் புதுமை இதற்கு அப்புறம் தொடங்குகிறது. மூடிய குடையில் முதல் துண்டு கீழே இறங்குகிறது, நடுத்துண்டு மடிந்து மேலே ஏறுகிறது, கடைசித் துண்டு மறுபடி மடிந்து கீழே இறங்குகிறது. கம்பி நுனிகள் கைப்பிடியின் பக்கம் வந்து முடிவது அதனால்தான். ஆக, நடுத்துண்டு எந்தத் திசையைப் பார்க்கிறது? மேலே. தாங்குகம்பியும் அதே திசையைத்தான் பார்க்கிறது. கடைசித் துண்டு கீழே பார்க்கிறது, முதல் துண்டைப் போல. திறந்து முடித்ததும் எல்லாமே வெளியே பார்க்க வேண்டும். அப்படியானால் நடுத்துண்டு செய்ய வேண்டியதெல்லாம் தாங்குகம்பியைப் பின்பற்றுவது. கடைசித் துண்டு செய்ய வேண்டியதெல்லாம் முதல் துண்டைப் பின்பற்றுவது. புதிதாக எந்த அசைவையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, இருக்கும் இரண்டு அசைவுகளை நகலெடுத்தால் போதும்.

ஒரு கம்பி இன்னொரு கம்பியின் திசையை நகலெடுக்க வடிவியலில் ஒரு பழைய வழி இருக்கிறது: இணைகரம். நான்கு சட்டங்களை நான்கு மூலைகளிலும் ஆணியடித்துக் கோத்து, எதிரெதிர்ச் சட்டங்கள் சம நீளமாக இருக்கும்படி செய்தால், அதை எப்படிச் சாய்த்தாலும் எதிர்ச் சட்டங்கள் ஒன்றுக்கொன்று இணையாகவே இருக்கும். குடைக்கம்பியின் முதல் மூட்டை உற்றுப் பாருங்கள். முதல் துண்டுக்குப் பக்கத்திலேயே, ஏறத்தாழ அதற்கு இணையாக, இன்னொரு குட்டிக் கம்பி ஓடும். அதன் ஒரு முனை தாங்குகம்பியிலும் மறுமுனை நடுத்துண்டின் அடிப்பகுதியிலும் ஆணியடித்திருக்கும். இதை இணைகம்பி என்போம். முதல் துண்டு, தாங்குகம்பி, இணைகம்பி, நடுத்துண்டின் அடி ஆகிய நான்கும் சேர்ந்து ஓர் இணைகரம். தாங்குகம்பி எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு நடுத்துண்டும் திரும்புகிறது. முதல் துண்டு ஒரு பக்கம் கால் வட்டம், நடுத்துண்டு மறுபக்கம் கால் வட்டம். இரண்டும் சேர்ந்து மூட்டில் அரை வட்டம் திறக்கிறது. மடிந்த முழங்கை நேராகிவிட்டது.

இரண்டாவது மூட்டுக்கு இதே உத்திதான், இன்னும் மெல்லிய உருவத்தில். நடுத்துண்டின் நெடுகிலும் ஒரு மெல்லிய எஃகுக் கம்பி ஓடும். அதன் ஒரு முனை முதல் மூட்டைத் தாண்டி நீளும் முதல் துண்டின் நுனியில் மாட்டியிருக்கும். மறுமுனை இரண்டாவது மூட்டுக்குச் சற்றுத் தள்ளிக் கடைசித் துண்டில் மாட்டியிருக்கும். இழுகம்பி என்று சொல்லலாம். இதுவும் நடுத்துண்டும் சேர்ந்து இரண்டாவது இணைகரத்தின் நீளப் பக்கங்களாகின்றன. முதல் துண்டின் திசை இந்தக் கம்பி வழியாகக் கடைசித் துண்டுக்குப் போய்ச் சேர்கிறது. இந்த விளக்கம் சரிதானா என்று சோதிக்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. பழைய குடை ஒன்றில் அந்த மெல்லிய கம்பியை மட்டும் வெட்டிவிட்டுத் திறந்து பாருங்கள். மற்றதெல்லாம் விரியும், அந்த ஒரு கம்பியின் கடைசித் துண்டு மட்டும் வலுவில்லாமல் தொங்கும். குடை ரிப்பேர் செய்பவரிடம் வரும் குடைகளில் ஒரு மூலை மட்டும் தொங்கிக்கொண்டிருப்பது சாதாரணக் காட்சி. பல நேரம் அறுந்திருப்பது இந்தக் கம்பிதான். நிறுவனத்துக்கு நிறுவனம் ஆணி அடிக்கும் இடம் மாறும், கம்பியின் வளைவு மாறும். நகலெடுக்கும் இந்த அடிப்படை மாறுவதில்லை.

கண்ணால் பார்ப்பதோடு நில்லாமல் எண்ணியும் பார்க்கலாம். இதற்கான கணக்கை 19-ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவின் செபிஷேவ், ஜெர்மனியின் குரூப்ளர் போன்றவர்கள் வகுத்துக் கொடுத்தார்கள். சமதளத்தில் கிடக்கும் ஒரு சட்டம் மூன்று விதமாக அசையலாம்: பக்கவாட்டில் நகரலாம், மேலும் கீழும் நகரலாம், சுழலலாம். இவற்றைச் சுதந்திர இயக்கக்கூறுகள் என்று நம் பள்ளிப் பாடநூல் சொல்கிறது. இரண்டு சட்டங்களை ஓர் ஆணியால் கோத்தால் அவற்றிடமிருந்து இரண்டு கூறுகள் பறிபோகின்றன. சுழற்சி மட்டும் மிஞ்சுகிறது. நாம் பார்த்த ஒற்றைக் கம்பியில் அசையும் உறுப்புகள் ஏழு: ஓடுவளையம், தாங்குகம்பி, மூன்று துண்டுகள், இணைகம்பி, இழுகம்பி. ஏழுக்கும் சேர்த்து 21 கூறுகள். ஆணிகள் ஒன்பது, தண்டின்மீது வளையம் வழுக்கும் இடத்தையும் சேர்த்தால் பத்து இணைப்புகள். ஒவ்வொன்றும் இரண்டைப் பறித்தால் 20 போய்விடும். மிச்சம் ஒன்று.

அந்த ஒன்றுதான் நம் கை தள்ளும் அசைவு. 21 விதமாக ஆடக்கூடிய கம்பிக் கூட்டத்தை, ஒரே ஒரு விதமாக மட்டும் ஆடும்படி கட்டிப்போட்டிருக்கிறார்கள். அடுத்த கம்பியைச் சேர்த்தாலும் கணக்கு மாறாது. ஓடுவளையம் பொது என்பதால் அது ஆறு புதிய உறுப்புகளையும் ஒன்பது புதிய ஆணிகளையும் கொண்டுவருகிறது: 18 கூட்டு, 18 கழி. எட்டுக் கம்பி, 72 ஆணி, அப்போதும் ஒரே அசைவு. எனக்கு இயந்திரவியலில் மிகப் பிடித்த கணக்கு இது. பேருந்து நிலையத்து நடைபாதையில் கூவி விற்கும் பொருளுக்குள் இப்படியொரு துல்லியம் இருக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டாமா?

இந்த அமைப்புக்கு ஒரு பலவீனமான நேரமும் உண்டு. மூடிய குடையைத் திறப்பதற்கு முன்னால் பெரும்பாலோர் அதை ஓர் உதறு உதறுவார்கள். பழக்கம் என்று நினைத்தாலும் அதற்கு இயந்திரக் காரணம் இருக்கிறது. மூடிய நிலையில் முதல் துண்டின் மேல்பாதியும் தாங்குகம்பியும் ஏறத்தாழ ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றன. வளையத்தை மேலே தள்ளினால் விசை அந்தக் கோட்டின் வழியே போய் உச்சியில் முட்டுமே ஒழிய, கம்பியை வெளியே தள்ளாது. பொறியாளர்கள் இதை இறந்த நிலை என்பார்கள். கோடு துளி சாய்ந்துவிட்டால் போதும், அதன் பிறகு தள்ளத் தள்ள விரியும். உதறுவது அந்த முதல் சாய்வைக் கொடுக்கிறது, ஒட்டிக் கிடக்கும் துணியையும் பிரிக்கிறது. இணைகரங்களுக்கும் இதே சிக்கல் வரும். நான்கு சட்டங்களும் ஒரே கோட்டில் தட்டையாகப் படுத்துவிட்டால், அங்கிருந்து எந்தப் பக்கம் திரும்புவது என்ற தீர்மானம் அவற்றிடம் இருக்காது. சரியான பக்கமும் திரும்பலாம், குறுக்காகச் சிக்கிக்கொள்ளவும் செய்யலாம். ஆகவே குடையில் இருப்பது பாடப்புத்தகத்து இணைகரம் அல்ல. வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாக்கப்பட்ட இணைகரம். ஆணிகளை மையக்கோட்டிலிருந்து சற்று விலக்கி அடிப்பதால் அது முழுதாகத் தட்டையாவதில்லை.

எல்லாம் ஒரே அசைவு என்றால், ஒன்று சிக்கினால் எல்லாம் சிக்கும். இதற்கு மிகக் கசப்பான சான்று பூமியில் நடக்கவில்லை. 1989 அக்டோபரில் வியாழன் கோளை நோக்கி நாசா அனுப்பிய கலிலியோ விண்கலத்தின் முதன்மை ஆண்டெனா ஒரு குடை. 4.8 மீட்டர் விட்டம், 18 கம்பிகள், துணிக்குப் பதிலாகத் தங்கமுலாம் பூசிய மெல்லிய உலோக வலை. நடுக்கோபுரத்தைச் சுற்றி மடித்து வைத்திருந்தார்கள். மோட்டார் ஒரு திருகைச் சுழற்றும், அதன்மேல் ஒரு வளையம் ஏறும், வளையத்திலிருந்து கிளம்பும் தண்டுகள் கம்பிகளை வெளியே தள்ளும். ஓடுவளையமும் தாங்குகம்பியும்தான், வேறில்லை.

1991 ஏப்ரலில் விரியச் சொல்லி ஆணை போயிற்று. மோட்டார் சிறிது சுழன்று நின்றுவிட்டது. கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதை யாரும் எட்டிப் பார்க்க முடியாது. பொறியாளர்கள் கிடைத்த தடயங்களைச் சேர்த்தார்கள். மோட்டார் எதிர்பார்த்ததைவிட அதிக மின்சாரம் இழுத்திருந்தது; எதையோ எதிர்த்துத் தள்ளியிருக்கிறது என்று பொருள். தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்த விண்கலம் இலேசாகத் தள்ளாடியது. எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். சில கம்பிகள் விரிந்து, வேறு சில கோபுரத்தோடு ஒட்டிக்கொண்டு, குடை கோணலாக நிற்கிறது என்ற முடிவுக்கு இப்படித்தான் வந்தார்கள்.

காரணமாக அவர்கள் கண்டறிந்தது, மடித்த கம்பிகளைப் பிடித்து வைக்கும் சிறு முளைகளில் பூசியிருந்த உலர் மசகு. 1986-இல் சேலஞ்சர் விண்ணோட விபத்து நடந்ததால் பயணம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயிற்று. கலிபோர்னியாவுக்கும் ஃபுளோரிடாவுக்கும் இடையே விண்கலத்தை லாரியில் ஏற்றி இறக்கிக் கொண்டுபோனார்கள். அந்த அதிர்வில் மசகு தேய்ந்துபோக, உலோகம் உலோகத்தைக் கவ்விக்கொண்டது. சூரியனை நோக்கித் திருப்பிச் சூடாக்கினார்கள், நிழலுக்குத் திருப்பிக் குளிர்வித்தார்கள், மோட்டாரை விட்டு விட்டு இயக்கித் தட்டிப் பார்த்தார்கள். கம்பிகள் அசையவில்லை. விநாடிக்கு 1,34,000 பிட் அனுப்பியிருக்க வேண்டிய விண்கலத்தால், சிறிய துணை ஆண்டெனா வழியாக, மென்பொருளையும் தரையிலுள்ள கருவிகளையும் மேம்படுத்திய பிறகும் உச்சமாக 160 பிட்தான் அனுப்ப முடிந்தது. அந்த ஒடுக்கமான வழியிலேயே 1995 முதல் 2003 வரை வியாழனையும் அதன் நிலவுகளையும் பற்றி அது அனுப்பியவை கோளியலை மாற்றின என்பது அந்தப் பொறியாளர்களின் பெருமை.

பூமிக்குத் திரும்புவோம். குடையை மடிக்க வேண்டுமென்றால் முதலில் மடிக்கத்தக்க கம்பி வேண்டும். ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை குடைக்கம்பி பெரும்பாலும் திமிங்கலத்தின் வாயில் வடிகட்டியாகத் தொங்கும் பலீன் தகடுகளிலிருந்து வந்தது. வளையும், ஆனால் பருமன் அதிகம், காய்ந்தால் வெடிக்கும். 1852-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்கு அருகேயுள்ள ஸ்டாக்ஸ்பிரிட்ஜில் கம்பித் தொழில் நடத்திவந்த சாமுவேல் ஃபாக்ஸ், எஃகைத் தட்டையாக்கி இரு ஓரங்களையும் மடக்கி ஒரு சிறு வாய்க்கால் வடிவில் குடைக்கம்பி செய்தார். அதே அளவு எஃகை உருண்டைக் கம்பியாக இழுப்பதைவிட வாய்க்காலாக மடக்கினால் பல மடங்கு விறைப்பு கிடைக்கும். ஒரு கம்பி வளைவதை எதிர்ப்பது அதன் நடுக்கோட்டிலிருந்து விலகி நிற்கும் உலோகம்தான், நடுவில் இருப்பது சும்மா எடை. மடக்குக் குடைக்கு அந்த வாய்க்கால் இன்னொரு நன்மையையும் தந்தது. ஒரு துண்டு மடியும்போது மற்றதன் பள்ளத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாம். இன்றைய குடையின் முதல் துண்டைத் தடவிப் பாருங்கள், அடிப்பக்கம் பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும்.

அதற்கு முக்கால் நூற்றாண்டு கழித்து, 1928-ஐ ஒட்டி, இரண்டு பேர் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஜெர்மனியில் ஹான்ஸ் ஹௌப்ட். போரில் காயமடைந்து ஊன்றுகோலுடன் நடந்தவர். ஒரு கையில் கோல் இருக்க, மறு கையில் நீளக் குடையைத் தூக்கித் திரிவது அவருக்குப் பெரும் இடைஞ்சல். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்த் தண்டும் மடியும் கம்பிகளும் கொண்ட சட்டைப்பைக் குடையை வடிவமைத்தார். கத்திகளுக்குப் பேர்போன ஜோலிங்கன் நகரத்து நிறுவனம் ஒன்று அதை ‘க்னிர்ப்ஸ்’ என்ற பெயரில் தயாரித்தது. வியன்னாவில் ஸ்லாவா ஹோரோவிட்ஸ், சிற்பம் பயின்ற இளம்பெண். அவரும் கைப்பைக்குள் அடங்கும் குடையை வடிவமைத்து 1929-இல் காப்புரிமை பெற்றார். அது ‘ஃபிளர்ட்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1938-இல் ஆஸ்திரியாவை நாஜி ஜெர்மனி விழுங்கியபோது, யூதரான அவர் குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. சிங்கப்பூர் வழியாக ஆஸ்திரேலியா சென்று மெல்பர்னில் வாழ்ந்தார். மடக்குக் குடையின் வரலாற்றைச் சொல்பவர்கள் அவர் பெயரை விட்டுவிடுவதுண்டு. விடக் கூடாது என்பது என் எண்ணம்.

நீளத்தைக் குறைக்கக் கொடுத்த விலை என்ன? நீளக் குடையில் ஒரு கம்பிக்கு மூன்று ஆணி, மொத்தம் 24. மடக்குக் குடையில் 72. ஆணி எளிதாகச் சுழல வேண்டுமென்றால் துளை அதைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தாக வேண்டும். அந்த இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். இழுகம்பி மாட்டியிருக்கும் இடத்துக்கும் மூட்டுக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர், கடைசித் துண்டின் நீளம் 18 சென்டிமீட்டர் என்றால், மூட்டில் இருக்கும் அந்தச் சிறு ஆட்டம் நுனியில் 18 மடங்காகும், ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர். முன்னால் உள்ள ஆணிகளின் ஆட்டமும் இதோடு சேரும். அப்படியானால் புதுக்குடைகூட லொடலொடவென்று ஆட வேண்டும். ஆடுவதில்லை. ஏன்?

துணிதான் காரணம். குடைத்துணியை நாம் மழையைத் தடுக்கும் போர்வையாக மட்டும் பார்க்கிறோம். உண்மையில் அது சட்டகத்தின் ஓர் உறுப்பு. எட்டு முக்கோணத் துண்டுகளைத் தைக்கும்போதே, கம்பிகள் நேராக நின்றால் தேவைப்படும் அளவைவிடச் சற்றுக் குறைவாக வெட்டுகிறார்கள். குடை விரிந்ததும் துணி கம்பி நுனிகளைக் கீழ்நோக்கி இழுக்கிறது, கம்பிகள் வளைந்து துணியை வெளியே இழுக்கின்றன. ஒவ்வொரு ஆணியும் தன் துளையின் ஒரே பக்கமாக அழுந்தி உட்கார்ந்துவிடுகிறது. இருக்கும் இடைவெளியெல்லாம் அப்படியே இருக்கிறது, ஆனால் ஆட இடமில்லை. இதை முன்னிழுவிசை எனலாம். கம்பி நுனியில் துணியைப் பிடித்திருக்கும் சின்னத் தொப்பி கழன்றாலோ, அங்கே நூல் அறுந்தாலோ என்ன நடக்கிறது என்று எல்லோரும் பார்த்திருப்போம். துணி சுருங்கி உள்ளே போகிறது, அந்தக் கம்பி மட்டும் விறுக்கென்று நிமிர்ந்து நேராகிறது. அது கொடுக்கும் தகவல் முக்கியமானது: கம்பி இயல்பிலேயே வளைந்ததல்ல, துணி அதை வளைத்துப் பிடித்திருந்தது. நாலு தையல் போட்டுத் தொப்பியை மாட்டிவிட்டால் மொத்தக் குடைக்கும் பலம் திரும்பிவிடுவது இதனால்தான்.

நெம்புகோல் கணக்கு விசைக்கும் பொருந்தும். கடைசித் துண்டின் நுனியில் 100 கிராம் சுமை ஏறினால் இழுகம்பியில் 1.8 கிலோ இழுவை விழும். காற்று அடிக்கும்போது இது எங்கே போய் நிற்கும் என்று யோசியுங்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்றுக்கு எதிரே விரித்த குடையைப் பிடித்தால், கையில் ஏறத்தாழ ஐந்து கிலோ இழுவை தெரியும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு, அதாவது இருபது கிலோ. காற்று குடைக்கு அடியில் புகுந்தால் துணி மேல்நோக்கி உப்பி, இதுவரை கீழ்நோக்கி இழுபட்ட நுனிகள் மேலே தள்ளப்படுகின்றன. ஒரு எல்லைவரை குடை எதிர்த்து நிற்கும். அதைத் தாண்டியதும் ஒரே கணத்தில் மறுபக்கம் புரண்டுவிடும். இடையில் அது எங்கும் நிற்பதில்லை. நிமிர்ந்த குழி, கவிழ்ந்த குழி என்ற இரண்டு நிலைகளில் மட்டுமே அது அமைதியாக இருக்க முடியும், நடுவிலுள்ள எந்த நிலையிலும் கம்பிகள் கூடுதலாக நெருக்கப்படுகின்றன.

புரளுவதே கேடல்ல. நீளக் குடையின் தொடர்ச்சியான கம்பி வளைந்து புரண்டு, திருப்பித் தள்ளினால் பழையபடி வந்துவிடும். மடக்குக் குடையில் மூட்டு நேராவதோடு நின்றுவிட வேண்டும், அதற்கு மேல் திரும்ப இடமில்லை. அப்பால் தள்ளும் காற்று முழுவதையும் மூட்டைச் சுற்றியிருக்கும் ஒரு சென்டிமீட்டர் தகடு தாங்க வேண்டும். அந்தத் தகட்டில்தான் ஆணித்துளையும் இருக்கிறது. துளை போட்ட இடத்தில் உலோகம் குறைவு. உடைந்த மடக்குக் குடைகளை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் கம்பி துண்டுகளின் நடுவில் உடைந்திருக்காது. துளையை ஒட்டி மடங்கிக் கிழிந்திருக்கும்.

இதற்கு மாற்று தேடியவர்கள் இரு வழிகளில் போனார்கள். கடைசித் துண்டை ஃபைபர் கிளாஸில் செய்து, புரண்டாலும் உடையாமல் திரும்பட்டும் என்று விட்டது ஒன்று. உச்சித் துணியை இரண்டு அடுக்காக்கி, இடையே காற்று வெளியேற வழிவிட்டது இன்னொன்று. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலையின் மாணவர்கள் குடையின் வடிவத்திலேயே கைவைத்தார்கள். முன்பக்கம் குட்டை, பின்பக்கம் நீளம். காற்று அடித்தால் குடை தானே திரும்பி, எதிர்ப்புக் குறைவான முகத்தைக் காட்டும். காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகு ‘சென்ஸ்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

பட்டன் குடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டனை அமுக்கினால் விரியும், மறுபடி அமுக்கினால் சுருங்கும் குடையில் பேட்டரி கிடையாது. சுருங்கியதும் தண்டைக் கைப்பிடிக்குள் அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறதே, குழந்தைகளால் எளிதில் முடியாத அந்த அழுத்தம்தான் அடுத்த முறை குடையைத் திறக்கப்போகும் ஆற்றல். தண்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கில் அதை நாமே சேமித்து வைக்கிறோம். குடை விரியும்போது அந்த ஆற்றலில் ஒரு பகுதி இன்னொரு ஸ்பிரிங்குத் தொகுப்புக்குப் போய், மூடுவதற்குக் காத்திருக்கிறது. பாதி தள்ளிய நிலையில் கை நழுவினால் தண்டு சீறிக்கொண்டு வெளியே வரும். முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அழுத்தக் கூடாது. சிறுவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்லிவைக்க வேண்டும்.

மூன்று மடிப்புக் குடை மூடினால் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர், ஒரு சாணைவிடக் கொஞ்சம் கூடுதல். இதையும் குறைக்கலாம், ஐந்து மடிப்புக் குடை 17 சென்டிமீட்டருக்கு வந்துவிட்டது. அதற்காகத் தண்டில் குழாய்களைக் கூட்டினார்கள். ஒன்றுக்குள் ஒன்று போக வேண்டும் என்பதால் உள்ளே போகப் போகக் குழாய் மெலிகிறது. தகட்டின் கனம் மாறாமல் குழாயின் விட்டம் பாதியானால் விறைப்பு எட்டில் ஒன்றாகும். கம்பியில் மூட்டுகள் கூடின. மூட்டு கூடியதும் மடித்த கட்டு தடிக்கிறது, அதைச் சமாளிக்கப் பலரும் எட்டுக் கம்பியை ஆறாக்கினார்கள். ஆறானதும் ஒவ்வொரு துணித்துண்டும் 45 பாகைக்குப் பதிலாக 60 பாகை அகலத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது, ஓரங்கள் தொய்கின்றன. கைப்பையில் எப்போதும் கிடந்து, திடீர்த் தூறலுக்கும் சித்திரை வெயிலுக்கும் உதவ அது போதும். ஐப்பசி மழையில், காற்றோடு பேருந்துக்குக் காத்திருக்க வேண்டுமென்றால் மூன்று மடிப்பும் எட்டுக் கம்பியும் உள்ளதை எடுங்கள். கடையிலேயே விரித்து, கடைசித் துண்டு ஒன்றின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் மெல்ல அசைத்துப் பாருங்கள். துணி சரியாக இழுத்துக் கட்டியிருந்தால் விரலுக்கு ஆட்டம் தெரியாது.